பதினான்கு குளிசைகள்

2024.09.14 ஆம் திகதி சனிக்கிழமை முற்பகல் 9.40 மணிக்கு ஏறாவூரில் சாட்சியின் வீட்டில் வைத்துப் பதியப்பட்டது. கணவர் மௌத்தாகி (இறந்து) இருபத்துமூன்று நாளே ஆவதாலும், நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாத இத்தாவில் சாட்சி இருப்பதாலும் அவர் நிலையத்துக்கு அழைக்கப்படவில்லை. சாட்சி அறைக்குள் இருந்து கூற, பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் கேதீஸ்வரி பக்கத்தில் இருந்து எழுதினார். உப பொலிஸ் பரிசோதகர் வினோஜன் கதவுத் திரைக்கு வெளியே விறாந்தையில் இருந்து கேள்விகள் கேட்டார்.

பெயர்: கச்சி முகம்மது ஸஹீதா உம்மா. வயது: 47. தொழில்: வீட்டு வேலை, இடையிடையே தையல். படிப்பு: நான்காம் ஆண்டு வரை. சாட்சி கூறுவதாவது:

இது என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. இதில் நானும் கணவர் மீராசாஹிபு ஸாஹிரும், இருபத்திரண்டு வயதான எங்கள் ஒரே மகள் பர்ஸானாவும் இருந்தோம். கணவர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றவர். விடியப்புறம் துறையடிக்குப் போய் வாவி மீன் எடுத்து, வலையிறவுப் பாலத்தால் வாவிக்கு அங்கால் படுவான்கரைக்குப் போய் ஊர் ஊராக ஹோன் அடித்து விற்றுவிட்டுப் பகல் லுஹர்த் தொழுகைக்கு வீடு வருவார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அவருடைய கூடப் பிறந்த மூத்தவர், நானா, ஆதம்பாவா மச்சான் நேற்று முன்தினம் நிலையத்தில் என்மேல் முறைப்பாடு செய்திருப்பதாக எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கணவருக்குப் பைத்தியக் குளிசையை அளவுக்கு மேல் கொடுத்துக் கொன்றதாகவும், அதை மறைத்து அடக்கம் செய்ய வைத்ததாகவும் அதில் இருக்கிறது. மறைத்தேன் என்பது உண்மை. கொன்றேனா என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

சென்ற வருடம் மே மாதம் ஒரு நாள் கணவர் மீன் பெட்டியோடு பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு அடைத்து, கைவிரல் விறைத்து, இப்போதே மௌத்தாகிறேன் என்று நினைத்து மோட்டார் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். யாரோ ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அதன் பிறகு அந்தப் பாலத்தைக் கண்டாலே அவருக்கு அது வரத் தொடங்கியது. அதன் பிறகு பாலம் இல்லாமலும் வந்தது. பள்ளியில் தொழுகைக்கு முன் வரிசையில் நிற்கும்போது வந்ததால் கடைசி வரிசைக்குப் போனார். ஐந்து மாதத்தில் நாங்கள் ஆறு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒவ்வொரு தடவையும் அவர் என் கையைப் பிடித்து, "இண்டைக்கு வந்தது வேற புள்ள, இது அது இல்ல" என்றுதான் சொல்வார். ஆறாவது தடவை வாசலில் நின்ற சிற்றூழியர், "மீன்காரர், இண்டைக்கும் நெஞ்சு விக்க வந்திட்டீங்களா" என்று கேட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு ஒரு டொக்டர் துண்டு எழுதித் தந்து மனநல கிளினிக்குக்குப் போகச் சொன்னார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பைத்தியக்காரனுடைய மகள் என்று பெயர் வந்துவிடும் என்று எங்கள் ஊரில் காட்டாமல் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை கிளினிக். துணி எடுக்கப் போவதாக மகளிடமே பொய் சொன்னோம். ஆதம்பாவா மச்சானுக்குக் கடைசிவரை தெரியாது.

அங்கே இருந்தவர் விதுர்ஷா டொக்டர். தமிழ்ப் பிள்ளை, வயது முப்பதுக்குள் இருக்கும். முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம் வைத்திருந்தார். எப்போது தொடங்கியது, கிழமையில் எத்தனை தரம் வருகிறது, எந்தெந்த இடத்துக்குப் போகாமல் விட்டீர்கள், நித்திரை எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். சாகப் பயந்துதானே பிள்ளை இங்கே வந்தேன் என்று கணவர் சொன்னார். ஏறாவூரில் படுகொலை நடந்த தொண்ணூறாம் ஆண்டு உங்களுக்கு என்ன வயது என்றும் கேட்டார். பதினெட்டு என்று சொல்லிவிட்டுக் கணவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு அவர் திரும்பும்வரைக்கும் காத்திருந்தது. அதன் பிறகு அவரை வெளியே இருக்கச் சொல்லி என்னிடம் தனியாகக் கேட்டார். அதன் பிறகு இரத்தமும், தொண்டைச் சுரப்பிக்குரிய சோதனையும், திரும்ப ஒரு ஈசிஜியும் எடுக்கச் சொன்னார். எல்லாம் வந்த பிறகுதான் இது பீதி நோய், இதயத்தில் வருத்தம் இல்லை என்று சொன்னார். "ஐயா, உங்கட மோட்டார் சைக்கிள் ஹோன் சிக்கிட்டா என்ன செய்யும்? ஆள் இல்லாத றோட்டிலயும் அடிச்சுக்கொண்டே இருக்கும். ஹோன் பழுது, றோட்டில ஆபத்து இல்ல. உங்கட உடம்பில இப்ப நடக்கிறது அதுதான்" என்றார். கணவருக்கு அது விளங்கியது.

காலையில் ஒரு குளிசை தந்தார்கள். முதல் அரை, அதன் பிறகு முழுசு. மூன்று கிழமை போனால்தான் பலன் தெரியும் என்றும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்கள். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார்கள். பாலத்துக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். முதல் கிழமை பாலத்தடியில் சும்மா நிற்பது, அடுத்த கிழமை மூன்றாவது விளக்குக் கம்பம்வரை நடப்பது, அதன் பிறகு நடுப்பாலம், அதன் பிறகு நான் பின்னால் இருக்க ஓடுவது, கடைசியில் தனியாக. பின்னால் இருக்கும்போது அவருடைய இடுப்பை இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்றும், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்றும் எனக்குக் கட்டளை. "நீங்க அவருக்குப் பதிலா பயப்பட வேணாம் அம்மா, அவர் பயந்து முடிக்கட்டும்" என்று டொக்டர் சொன்னார்.

இந்த வருடம் ஜனவரி 24 ஆம் திகதிதான் நாங்கள் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அதன் பிறகு அவருக்கு அது வந்தால் பாயில் இருந்து மூச்சை எண்ணுவோம். ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் நான் பள்ளிக் கலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். ஏப்ரலில் அவர் தனியாகப் பாலம் கடந்து படுவான்கரைக்குப் போனார். அங்கே கண்ணகை என்று, அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒரு வாடிக்கைக்காரி, "காக்கா, உங்கட ஹோன் கேக்காம எங்கட பூனையெல்லாம் மெலிஞ்சு போச்சு, எங்க போனீங்க" என்று கேட்டதாகவும், பூனைக்கு மருந்து எடுக்கப் போனேன் என்று தான் சொன்னதாகவும் வந்து சொல்லிச் சிரித்தார். அந்த நாள் வட்டத்தை அவரே போட்டார்.

ஒரு விடயத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். டொக்டர் எங்களுக்கு இரண்டு சொல் சொன்னவர். வழமையாக வருவது வந்தால் ஓட வேண்டாம், இருபது நிமிடத்தில் அது தானாக இறங்கும் என்பது ஒன்று. மற்றது, "வழமையில்லாத ஒண்டு வந்தா, பாரம் தூக்கேக்க வலிச்சா, வலி கைக்கோ தாடைக்கோ போனா, குளிர் வேர்வை ஊத்தினா, சத்தி வந்தா, இருந்து பாக்கக் கூடாது, உடனே வாங்க. பீதி நோய் இருக்கிற ஆளுக்கும் மாரடைப்பு வரலாம்" என்பது. இதை அவர் கிளினிக் கொப்பியிலும் எழுதினார். எனக்குக் கொப்பி வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வாயால் சொன்னதை நான் கேட்டேன். திருப்பிச் சொல்லச் சொன்னார், திருப்பியும் சொன்னேன்.

ஓகஸ்ட் 13 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை கிளினிக் போய் இருபத்தெட்டு குளிசை எடுத்து வந்தோம்.

ஓகஸ்ட் 22 ஆம் திகதி வியாழக்கிழமை கணவர் சுபஹு தொழுதுவிட்டுத் துறையடிக்குப் போனார். ஏழேகாலுக்குத் திரும்பி வந்தார். அன்றைக்குச் செப்பலி மீன் நிறையப் பட்டிருந்தது, ஐஸ் போட்ட பெட்டி இரண்டைத் தனியாக இறக்கி வைத்தார். அதன் பிறகு குசினிக் கதிரையில் வந்து இருந்து இடது தோளைத் தடவினார். நான், "அதுவா?" என்று கேட்டேன். அவர், "அதுதான். வந்த மாதிரிப் போகும், நீ தேத்தண்ணிய வை" என்றார்.

அவருக்கு அது வந்த ஒவ்வொரு தடவையும் வேற, வேற என்று சொன்னவர், அன்றைக்கு மட்டும் அதுதான் என்றார். கண்ணில் பயம் இல்லை. வழமையாக என் கையை நசுக்கிப் பிடிப்பவர், அன்றைக்குத் தன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தானாகவே மூச்சை எண்ணினார். அவர் பயப்படவில்லை என்பதைப் பார்த்து நல்ல சுகம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சேட்டு நனைந்திருந்ததா என்று கேட்கப்பட்டபோது கூறுகிறேன். நனைந்திருந்தது. ஆனால் மீன் பெட்டி தூக்கி வருபவருடைய சேட்டு ஒவ்வொரு நாளும் நனைந்துதான் இருக்கும். கையும் ஒவ்வொரு நாளும் ஐஸால் குளிர்ந்துதான் இருக்கும். இருபத்தைந்து வருடம் அந்தக் கையைப் பிடித்தவள் நான். அதன் பிறகு என் முந்தானையால் அவருடைய பிடரியைத் துடைத்தேன். துடைத்த துணியில் மீன் வாசம் இல்லை. அது ஐஸ் தண்ணீர் இல்லை என்று அந்த நேரமே எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டு நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு இருபத்தைந்து. இருபது நிமிடத்தில் இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழே முக்காலுக்கும் இறங்கவில்லை. ஓட்டோ கூப்பிடவா என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். அதில் இருநூற்றுப் பத்து வட்டம் இருந்தது. "இன்னும் அஞ்சு நிமிசம் பாப்பம். அவன் திரும்பவும் நெஞ்சு விக்க வந்தியா எண்டு கேப்பான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு சத்தி (வாந்தி) எடுத்தார். அதன் பிறகுதான் நான் மகளைக் கூப்பிட்டேன். ஓட்டோ வந்து, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது எட்டேகால். முன்னரே உயிர் போய்விட்டது என்றார்கள்.

அதன் பிறகு மையத்து (சடலம்) ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். ஆதம்பாவா மச்சான் என்னை மூலைக்குக் கூப்பிட்டு, "வருத்தம் கிருத்தம், மருந்து கிருந்து எண்டு எதுவும் செல்லிராத. வெட்டிப்போடுவாங்க. நாளைக்குத்தான் மையத்துத் தருவாங்க. பின்னேரம் அசருக்குள்ள அடக்கணும்" என்றார். அவருக்குத் தம்பியை வெட்டக் கூடாது என்பதுதான். அவருக்குக் கிளினிக் தெரியாது. எனக்குத் தெரியும். விசாரணை அதிகாரி என்ன மருந்து பாவித்தார் என்று கேட்டபோது ஒன்றும் இல்லை என்றேன். முன்னர் ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்டபோது, நெஞ்சில் வலி என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், வைத்தியம் செய்யவில்லை என்றேன். அது பொய். அந்தப் பொய்யில் கைநாட்டும் வைத்தேன். எனக்குக் கையொப்பம் வைக்கத் தெரியும், அன்றைக்குக் கை நிற்கவில்லை. வெட்டாமல் தந்தார்கள். அசருக்கு முன் அடக்கிவிட்டார்கள். மையத்து வீட்டை விட்டுப் போகும்போது நான் குசினிக்குப் போய்க் கொப்பியையும் குளிசை உறையையும் அரிசி வாளிக்குள் புதைத்தேன். அதன் பிறகு இத்தாவில் இருந்தேன்.

கேள்வி: 13 ஆம் திகதி இருபத்தெட்டு குளிசை கொடுத்ததாக ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கிறது. 14 ஆம் திகதியில் இருந்து 21 ஆம் திகதி வரைக்கும் எட்டுக் குளிசை போயிருந்தால் இருபது இருக்க வேண்டும். உறையில் ஆறுதான் இருக்கிறது. மிகுதிப் பதினான்கையும் யாருக்குக் கொடுத்தீர்கள்?

பதில்: ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நான் விழுங்கினேன்.

அது நடந்தது இப்படி. ஓகஸ்ட் 31 ஆம் திகதி சனிக்கிழமை பகல் நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சட்டி தானாக ஆடியது. பார்த்தால் என் கைதான் ஆடுகிறது. அதன் பிறகு நெஞ்சு அடித்தது. மூச்சு பாதியில் நின்றது. விரல் விறைத்தது. சுவர் தள்ளிப் போவது போல் இருந்தது. அவர் பாலத்தில் கண்டதாகச் சொன்ன எல்லாம் எனக்கு வந்தது. கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், இத்தாவில் வெளியே போனாள் என்று சொல்வார்கள், என்ன வருத்தம் என்று கேட்பார்கள், கொப்பி வெளியே வரும், கபுறைத் தோண்டுவார்கள். இத்தனையும் ஒரே மூச்சில் எனக்குள் ஓடியது. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அது இறங்கியது. அன்றைக்கு அசர் நேரம் திரும்ப வந்தது. அடுத்த நாள் காலையில் வாளிக்குள் கைவிட்டு அவருடைய குளிசையில் ஒன்றை எடுத்து விழுங்கினேன். அவரைச் சுகமாக்கியது என்னையும் சுகமாக்கும் என்று நினைத்தேன். செப்டம்பர் முதலாம் திகதியில் இருந்து இன்று காலை வரைக்கும் ஒரு நாளைக்கு ஒன்று. நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒருவருக்குத் தந்த குளிசையை மற்றவர் விழுங்கக் கூடாது என்று கேதீஸ்வரி இப்போது எனக்குச் சொல்கிறார். அது எனக்கும் தெரியும். கேட்க ஆள் இருக்கவில்லை.

இந்த மாதம் 10 ஆம் திகதி ஆதம்பாவா மச்சான் எங்களுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து தானே வாளியில் கொட்டப் போய்க் கொப்பியையும் உறையையும் கண்டார். கொப்பியில் எந்தப் பிரிவு என்று முத்திரை அடித்திருந்ததை மகளைக் கொண்டு வாசிப்பித்தார். "எண்ட தம்பிக்கு விசர்ப் பட்டம் கட்டி, குளிசையக் குடுத்துக் குடுத்து ஆளையே முடிச்சிட்டாய் என்ன" என்று கேட்டார். நான் உறையை அவருடைய கையில் இருந்து வாங்கி வைத்துக்கொண்டேன்; இன்று காலையில்தான் அதைக் கொப்பியோடு உங்களிடம் தந்தேன். மகள் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கிட்டயும் செல்லல்லையே உம்மா" என்றாள். அன்றையில் இருந்து அவள் சாப்பாடு வைக்கிறாள், கதைக்கிறாள் இல்லை. மச்சான்மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பியைக் கொடுத்தவர் ஒருவர்மேல் பழியைப் போடத்தான் பார்ப்பார்.

கபுறைத் தோண்டுவீர்களா என்று நான் உப பொலிஸ் பரிசோதகரிடம் கேட்டேன். அது நீதவான் தீர்மானிப்பது என்று சொன்னார். அந்தக் குளிசையால் ஆள் சாகுமா என்றும் கேட்டேன். டொக்டரிடமும் வாக்குமூலம் எடுப்போம் என்றார். விதுர்ஷா டொக்டரில் ஒரு பிழையும் இல்லை என்று நான் எழுதச் சொல்கிறேன். அவர் இரண்டு சொல் சொன்னார், நான் லேசான சொல்லை மட்டும் வைத்துக்கொண்டேன். கணவருக்கு அவருடைய குளிசையைத் தவிர, அளவைத் தவிர, நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அவரை மௌத்தாக்கியது குளிசை என்றால் என்னைத் தண்டியுங்கள். இருபத்தைந்து நிமிடம் என்றாலும் என்னைத் தண்டியுங்கள். இரண்டில் எது என்று எனக்குச் சொல்லிவிட்டால் போதும்.

மேலே உள்ளதைக் கேதீஸ்வரி ஆறுதலாக இரண்டு முறை எனக்கு வாசித்துக் காட்டினார். சொன்னது நான்தான். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. முதல் தரம் சொன்ன பொய்யை இதனால் மீட்டுக்கொள்கிறேன். இதில் பொய் இருந்தால் சட்டத்துக்கும் அல்லாஹ்வுக்கும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்.

கையொப்பம் வைப்பதற்கு முன் இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். பிடரியைத் துடைத்த இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கும்போது எனக்கு நெஞ்சில் தொடங்கிவிட்டது. அப்போது மணி பதினொன்று பத்து. இப்போது பதினொன்று பதினைந்து. கை ஆடுகிறது என்பது கையொப்பத்திலேயே தெரியும். வேர்க்கிறது. இது அவருக்குப் பாலத்தில் வந்ததா, குசினிக் கதிரையில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கேதீஸ்வரி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தனக்கும் தெரியாது என்கிறார். மகள் திரைக்கு அங்கால் நின்று, "உம்மா, ஓட்டோ கூப்பிட்டுட்டன், செருப்பப் போடுங்க" என்கிறாள். நாலு நாளைக்குப் பிறகு இப்போதுதான் என்னோடு கதைக்கிறாள். மச்சான் வாசலில் நிற்கிறார், இத்தா என்கிறார். நான் இருபது நிமிடம் பார்க்கப் போவதில்லை. இத்தா உடுப்போடு, இந்த வெள்ளை உடுப்போடு, நான் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வாசலில் நிற்பவர் என்ன கேட்டாலும் கேட்கட்டும். டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்வேன். குளிசை உறையையும் கொப்பியையும் என்னோடு கொண்டுபோகத் தரும்படி கேட்டேன். தந்தார்கள்.

மு.ப. 11.17.

(ஒப்பம்) க. மு. ஸஹீதா உம்மா

சாட்சி தானே எழுதிய கையொப்பம். என் முன்னிலையில்: பெ. பொ. கா. கேதீஸ்வரி. சாட்சியுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்கிறேன்.